டிஸ்ஸி டீன்

ஜே ஹன்னா டீன் (ஜனவரி 16, 1910 - ஜூலை 17, 1974) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற அடிபந்தாட்ட வீரர் ஆவார். டிஸ்ஸி டீன் என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், சிக்காகோ கப்ஸ் ஆகிய அணிகளுக்கு எறிவாளராக ஆடினார். பின்னாளில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வர்ணனையாளராகப் பணியாற்றினார். 1934 ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் 30 வெற்றிகளைப் பெற்றார். நேஷனல் லீக்கில் இவருக்குப் பின் வேறு எவரும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

இவரது உச்சக்கட்ட ஆட்ட வாழ்வு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே நீடித்தது. 1937 இல் கால் விரலில் ஏற்பட்ட ஒரு முறிவு இவரது எறியும் கையின் ஆற்றலைப் பறித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அந்தக் கையின் நிலை ஐயத்திற்குரியது எனத் தெரிந்திருந்தும், சிக்காகோ கப்ஸ் அணி மூன்று வீரர்களையும் 1,85,000 டாலர்களையும் கொடுத்து இவரை வாங்கியது. எறிவாளர்களை ஒப்பந்தம் செய்வதில் உள்ள காய இடர் பற்றிப் பேசும்போது இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இதுவாகும்.

பிறப்பும் இளமையும்

டீன் ஆர்கன்சஸ் மாநிலத்தின் லூகாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆல்பர்ட் டீன் வாரத்திற்கு நிலம் உழுத ஏழை உழவர். தாயார் டீனின் சிறு வயதிலேயே காலமானார். தந்தையும் மகன்களும் பருத்தி பறிக்கும் வேலை தேடி ஊர் ஊராகச் சென்றனர். இதனால் டீனின் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளுடன் நின்றது. பிற்காலத்தில் செய்தியாளர்களிடம் தம் பிறந்த ஊரையும் பெயரையும் விதவிதமாக மாற்றிச் சொல்வது இவரது வழக்கம். ஜெரோம் ஹெர்மன் டீன் என்ற பெயரும் இவருக்கு வழங்கியதற்கு இதுவே காரணம்.

பதின்ம வயதில் அமெரிக்கப் படையில் சேர்ந்த டீன், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள சாம் ஹூஸ்டன் கோட்டையில் பணியாற்றினார். உணவும் உடையும் தவறாது கிடைத்த முதல் இடம் அதுவாகவே இருந்திருக்கும் எனலாம். படை அணிக்காகப் பந்து எறியத் தொடங்கியதும் அங்குதான். தலை சுற்றுபவர், கிறுக்கர் என்றெல்லாம் பொருள்படும் டிஸ்ஸி என்ற பட்டப்பெயரும் அங்கேயே கிடைத்தது.

படையிலிருந்து வெளியேறிய பின் கார்டினல்ஸ் அணியின் ஆள்தேர்வாளர் ஒருவரின் பார்வையில் பட்டு அவ்வணியுடன் ஒப்பந்தமானார். 1930 செப்டம்பர் 28 அன்று பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான தம் முதல் பெருங்குழு ஆட்டத்தில் மூன்று அடிகளை மட்டுமே விட்டுக்கொடுத்து 3-1 என வென்றார். ஆயினும் 1931 பருவத்தில் மீண்டும் ஹூஸ்டனில் உள்ள கிளை அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கு 26 வெற்றிகளையும் 303 ஸ்டிரைக் அவுட்டுகளையும் பெற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாட்ரிசியா நாஷ் என்பவரை மணந்தார். கணவரின் பண விவகாரங்களை இவரே இறுதிவரை கவனித்துக்கொண்டார்.

எறிவாளரின் பணி

துடுப்பாட்டம் அறிந்த தமிழ் வாசகர்கள் எறிவாளரைப் பந்து வீச்சாளருடன் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். இரண்டிற்கும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. பந்து வீச்சாளர் முழங்கையை மடக்கி எறிதல் கூடாது. அடிபந்தாட்ட எறிவாளர் முழங்கையை மடக்கி, தோளைப் பின்னோக்கி முறுக்கி, 18.44 மீட்டர் தொலைவில் உள்ள அடிதட்டை நோக்கி முழு வேகத்துடன் எறிகிறார். அப்போது தோள் மூட்டு நொடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. மனித உடலின் மிக விரைவான அசைவுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இந்த விசை கையில் மட்டும் உருவாவதில்லை. கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, விரல் என ஒரு சங்கிலியாக மேலேறி வருகிறது. வலக்கை எறிவாளர் பந்தை விடும்போது அவரது உடல் எடை முழுவதும் முன்வைத்த இடக்காலில் இறங்குகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் அடுத்த கண்ணி அச்சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. டீனுக்கு நேர்ந்தது இதுவே.

அடிபந்தாட்டத்தில் ஓர் ஆட்டத்தின் வெற்றியோ தோல்வியோ அவ்வாட்டத்தின் போக்கை முடிவுசெய்த எறிவாளரின் கணக்கில் எழுதப்படும். இக்கட்டுரையில் டீனின் வெற்றிகள் என்று குறிக்கப்படுவன அவ்வாறு அவர் பெயரில் எழுதப்பட்ட ஆட்டங்களே.

கார்டினல்ஸ் அணியில்

1932 முதல் 1935 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நேஷனல் லீக்கில் மிகுந்த ஸ்டிரைக் அவுட்டுகளைப் பெற்றவர் டீனே. 1933 ஜூலை 30 அன்று சிக்காகோ கப்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 17 பேரை இவ்வாறு வெளியேற்றியது அக்காலத்தில் ஒரு சாதனையாகும்.

1934 இல் இவரது தம்பி பால் டீனும் அணியில் சேர்ந்தார். அப்பருவத்தில் அண்ணன் 30 வெற்றிகளையும் தம்பி 19 வெற்றிகளையும் பெற்றனர். செப்டம்பர் 21 அன்று புரூக்ளின் அணிக்கு எதிராக ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில், முதலாவதில் டிஸ்ஸி மூன்று அடிகளை மட்டும் விட்டுக்கொடுத்தார். இரண்டாவதில் பால் ஓர் அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டு லீக்கின் மிக மதிப்புமிக்க வீரராக டிஸ்ஸி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், டெட்ராய்ட் நகரில் நடந்த காட்சி ஆட்டம் ஒன்றுக்குச் செல்லாததால் அணி நிருவாகம் சகோதரர் இருவருக்கும் தண்டம் விதித்தது. டிஸ்ஸி தம் சீருடையைக் கிழித்தெறிந்தார். வழக்கு ஆணையர் லாண்டிசிடம் சென்றது. அவர் நிருவாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். லீக்கிலேயே சிறந்த எறிவாளரான டீனின் அவ்வாண்டு ஊதியம் 7,500 டாலர்கள். வீரர் ஒருவர் தம் விருப்பப்படி வேறு அணிக்குச் செல்ல அக்கால விதிகள் இடம் தரவில்லை. ஆகவே தம் கையின் விலையைத் தாமே பேசும் வாய்ப்பு டீனுக்கு ஒருபோதும் அமையவில்லை.

டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எதிரான 1934 உலகத் தொடரில் கார்டினல்ஸ் பெற்ற நான்கு வெற்றிகளையும் இச்சகோதரர்களே ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்துகொண்டனர். நான்காவது ஆட்டத்தில் மாற்று ஓட்டக்காரராக இறங்கிய டீனின் தலையில், எதிரணி வீரர் எறிந்த பந்து தாக்கியது. மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. தலையில் ஒன்றும் காணப்படவில்லை என்று ஒரு செய்தித்தாள் தலைப்பிட்டதாகச் சொல்லப்படும் கதை இன்றும் நகைச்சுவையாக வழங்கி வருகிறது. மறுநாளே அவர் களமிறங்கி எறிந்து அந்த ஆட்டத்தில் தோற்றார். ஒரே ஒரு நாள் ஓய்வுக்குப் பின் ஏழாவது ஆட்டத்தில் மீண்டும் எறிந்து 11-0 என வென்றார். தலையில் அடிபட்டவரை மறுநாளே களத்தில் இறக்குவதை இன்றைய மருத்துவர் எவரும் ஏற்கமாட்டார். அன்று அது வீரம் எனக் கொண்டாடப்பட்டது.

பணிச்சுமை

1932 முதல் 1936 வரையிலான ஐந்து பருவங்களில் டீன் எறிந்த இன்னிங்சுகள் பின்வருமாறு:

1932 - 286
1933 - 293
1934 - 311⅔
1935 - 325⅓
1936 - 315

மொத்தம் 1,531 இன்னிங்சுகள். இக்காலத்தில் ஒரு பருவத்தில் 200 இன்னிங்சுகளைத் தாண்டும் எறிவாளர்கள் மிகச் சிலரே. மேலும் டீன் தொடக்க எறிவாளராக ஆடிய நாட்களுக்கு இடையிலும், நெருக்கடியான நேரங்களில் மாற்று எறிவாளராகக் களமிறக்கப்பட்டார். 1934, 1935 ஆகிய இரு பருவங்களிலும் தலா 19 வெற்றிகளைப் பெற்ற தம்பி பால், 1936 இல் கையில் காயமுற்று அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. டிஸ்ஸியின் கை அப்போதும் தாக்குப்பிடித்தது.

1937 காயம்

1937 ஜூலை 7 அன்று வாஷிங்டன் நகரின் கிரிஃபித் அரங்கில் அனைத்து நட்சத்திர ஆட்டம் நடைபெற்றது. கிளீவ்லாந்து வீரர் ஏர்ல் ஏவரில் அடித்த பந்து தாழ்வாக நேரே பாய்ந்து டீனின் இடக்காலைத் தாக்கியது. பெருவிரல் எலும்பு முறிந்தது.

அவ்விரல் முழுமையாக ஆறும் முன்பே, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் டீன் மீண்டும் களத்தில் இறங்கினார். அணிக்கு அவர் தேவைப்பட்டார். அவரும் ஆட விரும்பினார். வலியுள்ள இடக்காலில் முழு எடையையும் இறக்க இயலாததால் காலடியைச் சுருக்கி, கையின் வலிமையை மட்டும் நம்பி எறிந்தார். விரைவில் தோளில் வலி தோன்றியது. அதுவரை அடிப்பவர்களை அச்சுறுத்திய அவரது விரைவுப் பந்து அதன்பின் திரும்ப வரவில்லை. 1937 பருவத்தை 13 வெற்றி, 10 தோல்விகளுடன் முடித்தார். அப்போது அவருக்கு வயது 27.

1938 விற்பனை

கார்டினல்ஸ் அணியின் நிருவாகியான பிராஞ்ச் ரிக்கி, வீரர்களின் மதிப்பு சரியத் தொடங்கும் முன்பே அவர்களை விற்றுவிடுவதில் பெயர் பெற்றவர். வாங்கியவர் சூயிங்கம் நிறுவன உரிமையாளரும் சிக்காகோ கப்ஸ் அணியின் முதலாளியுமான பிலிப் ரிக்லி. டீனின் கை நலமாக இல்லை என்பது 1937 பருவத்தின் பிற்பகுதியிலேயே செய்தித்தாள் வாசகர் அனைவரும் அறிந்த செய்தி. இருந்தும் டீனை எப்படியேனும் வாங்கிவருமாறு ரிக்லி தம் ஆள்தேர்வாளரை அனுப்பினார். 1938 ஏப்ரல் 16 அன்று, பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், விற்பனை முடிவுற்றது. கர்ட் டேவிஸ், கிளைட் ஷவுன், டக் ஸ்டெயின்பேக் ஆகிய மூன்று வீரர்களும் 1,85,000 டாலர்களும் கைமாறின. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இது மிகப் பெருந்தொகையாகும்.

புதிய அணியில் டீனின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. தம் பழைய அணியான கார்டினல்சை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் வென்றார். ஆனால் மே மாதத் தொடக்கத்தில் தோள் வலி மீண்டும் தாக்க, ஜூலை வரை அவரால் ஆட இயலவில்லை. அப்பருவத்தில் அவர் 74⅔ இன்னிங்சுகள் மட்டுமே எறிந்தார். எனினும் 7 வெற்றி, 1 தோல்வி, 1.81 என்ற சராசரி ஆகியவை வியப்பளிப்பன. வேகம் போன பின் மெதுவான பந்துகள், குறி தவறாமை, அடிப்பவரின் மனப்போக்கை அறியும் திறன் ஆகியவற்றைக் கொண்டே இவற்றைச் சாதித்தார். செப்டம்பர் 27 அன்று முதலிடத்துக்குப் போட்டியிட்ட பிட்ஸ்பர்க் அணியை 2-1 என வென்றது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இரண்டு ஆட்டங்கள் வேறுபாட்டில் கப்ஸ் அணி லீக்கை வென்றது.

நியூ யார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்சுகள் வரை 3-2 என முன்னிலையைக் காத்தார். எட்டாவது இன்னிங்சில் ஃபிராங்க் குரொசெட்டியும் ஒன்பதாவதில் ஜோ டிமாஜியோவும் பந்தை அரங்கின் எல்லைக்கு வெளியே அடித்தனர். ஆட்டம் 6-3 எனத் தோல்வியில் முடிந்தது.

அதன்பின் 1939 இல் 6 வெற்றிகளும் 1940 இல் 3 வெற்றிகளுமே கிடைத்தன. 1940 இல் சிறிது காலம் டல்சா நகரின் கிளை அணிக்குச் சென்று, கையைப் பக்கவாட்டில் வீசி எறியும் முறையைப் பயின்று பார்த்தார். 1941 இல் ஒரே ஓர் இன்னிங்சு எறிந்த பின் அவரது ஆட்ட வாழ்வு முடிவுற்றது.

விற்பனையின் மதிப்பீடு

கப்ஸ் அணிக்காக டீன் பெற்ற மொத்த வெற்றிகள் 16. கொடுத்த பணத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு வெற்றிக்கு ஏறத்தாழ 11,500 டாலர்கள் ஆகிறது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட கர்ட் டேவிஸ் 1939 ஆம் ஆண்டில் மட்டும் கார்டினல்ஸ் அணிக்காக 22 வெற்றிகளைப் பெற்றார். இக்கணக்கின்படி விற்றவர் ஆதாயமும் வாங்கியவர் இழப்பும் அடைந்தனர்.

மறுபுறம், 1938 இல் இரண்டு ஆட்ட வேறுபாட்டில் கிடைத்த லீக் வெற்றியில் டீனின் 7 வெற்றிகளுக்கும் பங்குண்டு. அவரது பெயருக்காகவே அரங்கிற்கு மக்கள் திரண்டனர். ஆகவே இவ்விற்பனையை வெறும் ஏமாற்றம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தெரிந்தே ஏற்ற இடரின் விலை எனக் கொள்வதே பொருத்தம்.

மருத்துவப் பரிசோதனை: அன்றும் இன்றும்

டீனின் காலத்து மருத்துவரிடம் இருந்த கருவி எக்ஸ் கதிர் ஒன்றே. அது எலும்பைக் காட்டும். எறிவாளரின் வாழ்வை முடிவுசெய்யும் தசைநார்களையும் பிணைப்பு இழைகளையும் காட்டாது. கால் விரல் முறிந்ததை அன்றைய மருத்துவர்களால் தெளிவாகக் காண முடிந்தது. தோளின் உள்ளே நேர்ந்ததைக் காண வழியில்லை. ஓய்வு, வெப்ப ஒத்தடம், பிடித்துவிடுதல் ஆகியவையே அன்றைய மருத்துவம்.

டீன் மறைந்து இரண்டே மாதங்கள் கழித்து, 1974 செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், எறிவாளர் டாமி ஜானின் இடது முழங்கையில் அறுந்த பிணைப்பு இழைக்கு மாற்றாக அவரது வலது முன்கையிலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தினார். 1976 இல் களம் திரும்பிய ஜான், தம் 288 வெற்றிகளுள் 164 ஐ அதன் பின்னரே பெற்றார். 1980களில் காந்த ஒத்ததிர்வுப் படமெடுத்தல் பரவியதும் மென்திசுக்களைக் கத்தியின்றிக் காண முடிந்தது.

இன்று ஊதியம் பேசி முடித்தாலும், மருத்துவப் பரிசோதனையில் தேறிய பின்னரே ஒப்பந்தம் உறுதியாகிறது. தோள், முழங்கை ஆகியவற்றின் படங்களும் மூட்டு அசைவின் அளவுகளும் பழைய காய வரலாறும் ஆராயப்படுகின்றன. ஆயினும் படம் காட்டுவதும் கை செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1996 இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி ஆர். ஏ. டிக்கி என்ற இளைஞருக்கு 8,10,000 டாலர்கள் தர முன்வந்தது. அவரது முழங்கையில் முதன்மைப் பிணைப்பு இழையே இல்லை என்பது பரிசோதனையில் தெரியவர, தொகை 75,000 டாலர்களாகக் குறைக்கப்பட்டது. அதே டிக்கி 2012 இல் நேஷனல் லீக்கின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். மாறாக, 2014 இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பிரேடி ஐக்கன், முழங்கைப் படம் பற்றிய ஐயத்தால் ஒப்பந்தம் ஆகாமல் போனார். மறு ஆண்டே அவருக்கு முழங்கை அறுவை தேவைப்பட்டது. முதல் நிகழ்வில் ஐயம் பொய்த்தது, இரண்டாவதில் மெய்யானது.

இந்தியத் தாய்க்குப் பிறந்த குமார் ராக்கரும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவர். 2021 இல் நியூ யார்க் மெட்ஸ் அணி இவரைத் தேர்ந்தெடுத்தும், பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யவில்லை. 2022 இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இவரை ஏற்றது. முழங்கை அறுவைக்குப் பின் 2024 இல் பெருங்குழு ஆட்டத்தில் அறிமுகமானார். இந்தியாவிலிருந்தே சென்றவர்கள் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய ஈட்டி எறிவோர். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியே கண்டறியப்பட்டு, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமாயினர். இவர்களுள் ரிங்கு சிங் காயங்களால் பல பருவங்களை இழந்தார்.

வர்ணனையாளர்

1941 இல் செயின்ட் லூயிஸ் வானொலியில் வர்ணனையாளரான டீன், தம் கிராமத்துப் பேச்சு மொழியிலேயே ஆட்டத்தை விவரித்தார். இலக்கணப் பிழை மலிந்த அவரது ஆங்கிலம் மாணவர்களைக் கெடுக்கிறது என மிசூரி மாநில ஆசிரியர்கள் 1946 இல் முறையிட்டனர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் பருத்திக் காட்டில் நின்றவரின் மொழி அது என்பதை நேயர்கள் அறிந்திருந்தனர். அவரது செல்வாக்கு குறையவில்லை.

செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் எறிவாளர்களை வானொலியில் ஓயாது குறைகூறி வந்த டீனையே, 1947 செப்டம்பர் 28 அன்று அவ்வணி களமிறக்கியது. ஆறு ஆண்டுகளாக ஆடாதிருந்த அவர், தம் 37 ஆவது வயதில் நான்கு இன்னிங்சுகளில் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. ஓர் அடியும் அடித்தார். ஓடும்போது கால் தசை பிடித்துக்கொள்ளவே வெளியேறினார். இதுவே அவரது கடைசி ஆட்டமாகும்.

1953 முதல் ஏபிசி தொலைக்காட்சியிலும், 1955 முதல் 1965 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியிலும் வாராந்திர ஆட்ட வர்ணனை வழங்கினார்.

சிறப்புகளும் மறைவும்

1952 இல் இவரது வாழ்வை அடிப்படையாகக் கொண்ட தி பிரைட் ஆஃப் செயின்ட் லூயிஸ் என்ற திரைப்படம் வெளியானது. டான் டெய்லி இவராக நடித்தார். 1953 இல் அடிபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இவர் அணிந்த 17 ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என கார்டினல்ஸ் அணி 1974 இல் முடிவு செய்தது.

1974 ஜூலை 17 அன்று நெவாடா மாநிலத்தின் ரெனோ நகரில் மாரடைப்பால் காலமானார். மனைவியின் ஊரான மிசிசிப்பி மாநிலத்தின் பாண்ட் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆட்டப் புள்ளிவிவரம்

வெற்றிகள் - 150
தோல்விகள் - 83
ஒன்பது இன்னிங்சுக்கான ஓட்டச் சராசரி - 3.02
ஸ்டிரைக் அவுட்டுகள் - 1,163
எறிந்த இன்னிங்சுகள் - 1,967⅓

இவற்றுள் 134 வெற்றிகள் கார்டினல்ஸ் அணிக்காகப் பெற்றவை. கால் விரல் முறிந்த பின்னர் முழுதாக ஆடத் தொடங்கிய பருவங்கள் அனைத்தையும் கூட்டினாலும், 1934 என்னும் ஒரே பருவத்தின் வெற்றி எண்ணிக்கையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.